வைத்தூற்றி

பெரிய பொருள்களைப் புகழ்வார் உலகிற் பலர். சிறு பொருள்களின் அருமையை எண்ணிப் பார்ப்பார் சிலரே. அத்தகைய சிறு பொருள்களுள் ஒன்று வைத்தூற்றி. இதனைப் புனல் என்றும் நம்மவர் வழங்குவர். நீரைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல் வேறு. இஃது ஐரோப்பியர் மொழிவழி வந்து, ஒலியால் அதனோடு ஒன்றிய சொல். அகன்ற வாயும் ஒடுங்கிய காலும் உடைமையே இதன் இலக்கணம். மிகுதியாய் வருவதை ஏற்று, அளவாய் விடுத்து, ஒரு துளியும் சிந்தாமற் காப்பதே இதன் தொழில்.

இதன் வடிவங்கள் பல. எண்ணெய்க் கடையில் அது தகரப் புனல். அது கிட்டாதவிடத்துச் சுருட்டிய இலையும் தாளுமே போதும். நம் இரசாயன சாலையிலோ அது கண்ணாடிப் புனல். வட்டமான வடிதாளை நான்காய் மடித்து விரித்தால் 60 பாகைக் கூம்பு அமையும்; அதற்கிசையவே அப்புனலும் அமைக்கப்படுகிறது. குப்பியின் வாயில் அதனை இறுக அழுத்தினால் நீர் இறங்காது நிற்கும். சிறிது தூக்கினால் உள்ளிருந்த காற்று வெளியேற, நீர் தடையின்றி இறங்கும். மாடு பூட்டிய விதைக்கருவியின் கிண்ணத்தில் இட்ட விதையும், மூங்கிற் குழாய்களின் வழியே இறங்கிச் சாலில் ஒழுங்காய் விழும். மழைமானியிலும் புனலே தலைமை வகிக்கிறது. சைமன்ஸ் மழைமானியின் வாய் 5 அங்குல விட்டமுடையது. பெய்த மழையை ஏற்று, ஒடுங்கிய கழுத்தினால் அது வெயிலில் ஆவியாகாதபடி காக்கின்றது.

1901ஆம் ஆண்டு முதல் விவசாய ஆராய்ச்சி நடைபெறும் கோவில்பட்டிச் சீமையில் நிலமே ஒரு புனலாகும். கோடையிற் கரிசல் மண் வெடித்து, மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் பிளவுபடும். முதல் மழையை அப்பிளவுகள் விழுங்கும். மண் நனைந்தபின்னரோ உப்பித் தன் வாயை மூடிக்கொள்ளும். அதன்மேற் பெய்யும் ஐப்பசி கார்த்திகை மழை நிலத்தின்மீது வழிந்தோடும். அதனை ஏற்றற்கென்றே முன்னோர் கண்மாய் என்னும் பெரும் புனலை அமைத்தனர். நீர்ப்பிடிப்பு நிலமும் வரத்துக்கால்களும் அதன் வாய். மடையே அதன் ஒடுங்கிய கால்.

அவ்வாய் இன்று பலவிடத்தும் அடைபட்டிருக்கின்றது. வரத்துக்கால்களில் மண் மேடிட்டது, சீமைக்கருவேல் அடர்ந்தது, சிலவிடத்துக் கால்வாயே உழவுநிலமாயிற்று. இவற்றைச் சீர்செய்யாது கண்மாயை மட்டும் ஆழப்படுத்துதல், புனலின் வாயை அடைத்துவிட்டுக் குப்பியைப் பெரிதாக்குவதை ஒக்கும். ஆழம் வேண்டாமென்பதன்று எம் கருத்து. வரத்துக்கால் முந்தவேண்டும், தூர்வாரல் பிந்தவேண்டும் என்பதே.

மாணவ நண்பர்களே! விடுமுறையில் ஊர் செல்லும்போது, உங்கள் கண்மாயின் கரையில் நின்றுவிடாது, வரத்துக்காலைப் பற்றி அதன் தலைப்பு வரை நடந்து பாருங்கள். அடைபட்ட இடங்களைக் குறித்துவந்து ஊர்ப் பெரியோரிடம் உரையுங்கள். மழை குறைந்த நாட்டில், பெய்த மழையைச் சிந்தவிடுதலினும் பெரிய ஊதாரித்தனம் வேறில்லை.