வீட்டுக் கடனில் கையெழுத்துப் போடும் முன்... உங்கள் மனை ஊராட்சியிலா, பேரூராட்சியிலா?

வேலை சென்னையிலோ பெங்களூருவிலோ. சொந்த ஊர் பெரம்பலூர், அரியலூர் பக்கம். ஊரில் ஒரு வீடு கட்டணும் என்று நினைக்கும் இளைஞர்களுக்கு வட்டி விகிதம் அத்துப்படி. எந்த பேங்கில் எவ்வளவு இஎம்ஐ என்று போனிலேயே கணக்குப் போட்டுவிடுவார்கள். அரசு உதவி பற்றிக் கேட்டால் மட்டும், ‘அதெல்லாம் குடிசையில இருக்கிறவங்களுக்குத்தானே?’ என்பார்கள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி தெரியாததால் ரூ.1.80 லட்சம் வரை கைநழுவிப் போகலாம்.

மனை எங்கே இருக்கிறது?

எந்தத் திட்டம் என்பதை வருமானம் மட்டுமல்ல, மனை இருக்கும் இடமும் முடிவு செய்கிறது. பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் நகராட்சிகள். குரும்பலூர், அரும்பாவூர், பூலாம்பாடி, லப்பைக்குடிக்காடு, உடையார்பாளையம், வரதராசன்பேட்டை ஆகியவை பேரூராட்சிகள். பார்க்கக் கிராமம் மாதிரி இருந்தாலும், பேரூராட்சி அரசுக் கணக்கில் நகர்ப்புறம்தான். இது தெரியாமல் பிடிஓ ஆபீஸுக்குப் போனால், ‘இங்கே இல்லை’ என்ற பதிலோடு திரும்ப வேண்டியதுதான்.

ஊராட்சி என்றால்...

குடிசையில் வசிப்பவர்களுக்கு ‘கலைஞரின் கனவு இல்லம்’. 2030-க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் என்பது இலக்கு. 360 சதுர அடி வீட்டுக்கு ரூ.3.50 லட்சம். பட்டா அவசியம். பயனாளிகள் பட்டியல் பற்றி கிராம சபையில் கேட்கலாம். அரசுத் திட்டத்தில் கட்டி, இப்போது பழுதாகிக் கிடக்கும் பழைய வீடுகளைச் சீரமைக்கவும் தனித் திட்டம் உண்டு.

நகராட்சி, பேரூராட்சி என்றால்...

2024 செப்டம்பர் 1-ல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டம் 2.0 இருக்கிறது. ஆண்டு வருமானம் ரூ.3 லட்சத்துக்குள் இருந்து, சொந்த மனையும் இருந்தால் வீடு கட்ட மத்திய அரசு ரூ.1.50 லட்சம் தருகிறது. மாநிலப் பங்கு தனி.

சம்பளக்காரர்கள் கவனிக்க வேண்டியது வட்டி மானியம். குடும்ப வருமானம் ரூ.9 லட்சம் வரை இருக்கலாம். வீட்டின் மதிப்பு ரூ.35 லட்சத்தையும், கடன் ரூ.25 லட்சத்தையும் தாண்டக் கூடாது. கடனில் முதல் ரூ.8 லட்சத்துக்கு 4% மானியம். அதிகபட்சம் ரூ.1.80 லட்சம், 5 ஆண்டுத் தவணைகளில் வரும்.

முக்கிய நிபந்தனை: குடும்பத்தில் யார் பெயரிலும் நாட்டில் எங்கும் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது. குடும்பம் என்றால் கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள். அதனால், கல்யாணம் ஆகாதவர்கள் அப்பா பெயரில் வீடு இருக்கிறதா என்பதையும் பார்க்கணும்.

சின்னச் சலுகைகளும் உண்டு

2025 ஏப்ரல் 1 முதல், ரூ.10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1% குறைவு. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட, சுயசான்று மூலம் ஆன்லைனிலேயே உடனடி அனுமதி பெறலாம். ஆனால், மனை அங்கீகாரம் பெற்றதா என்பதை முதலில் பாருங்கள். நெடுஞ்சாலை ஓரம் மலிவாகக் கிடைக்கிறதே என்று அங்கீகாரமில்லாத மனையை வாங்கினால், பேங்க் கடனே சிக்கலாகிவிடும். பிறகு மானியம் எங்கே?

யார் சொல்ல வேண்டும்?

திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. ஒன்று ஊரக வளர்ச்சித் துறையில், இன்னொன்று நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தில், மற்றொன்று பேங்கில், வேறொன்று பத்திரப்பதிவு அலுவலகத்தில் என்று சிதறிக் கிடப்பதுதான் பிரச்சினை. நாலு வாசல் ஏறி இறங்க முடியாதவர், புரோக்கர் சொல்வதைத்தான் நம்புவார்.

சொத்து வரி கட்ட வருகிறவர் கண்ணில் படும்படி ஒவ்வொரு நகராட்சி, பேரூராட்சி அலுவலகத்திலும் ஒரு பக்க அட்டவணை ஒட்டலாமே? யாருக்கு, எவ்வளவு, என்னென்ன ஆவணம், எந்த மேசை என்பது அதில் இருந்தால் போதும். வீட்டுக் கடன் கேட்டு வருபவரிடம் ‘மானியத்துக்குத் தகுதி இருக்கிறதா?’ என்று பேங்க் கிளையே முதலில் கேட்கலாம். இரண்டுக்கும் பெரிய செலவில்லை.

அதுவரை அந்தக் கேள்வியை நீங்களே கேளுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு அல்ல, போடும் முன்.