பழுதைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுங்கள்

சாலை விரிவாக்கம், மெட்ரோ ரயில், கல்குவாரி, ஏரி தூர்வாருதல் என்று எந்த வேலையானாலும் இன்று ஜே.சி.பி.யும் பொக்லைனும் இல்லாமல் நடப்பதில்லை. திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பும் ரிக் வண்டிகள் நாடெங்கும் போய் ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றன. இவற்றில் பெரும்பாலானவை கடனில் வாங்கப்பட்டு மணிக்கணக்கில் வாடகைக்கு ஓடுபவை. வண்டி ஒரு நாள் நின்றால் வாடகை போய்விடும். ஆபரேட்டர் சம்பளமும் வங்கித் தவணையும் நிற்காது. நின்ற வண்டியை ஓடவைக்கும் மெக்கானிக்கை நம்பித்தான் இந்தத் தொழில் மொத்தமும் நடக்கிறது. ஆனால், அந்த மெக்கானிக் எப்படி உருவாகிறார் என்பதைப் பற்றி அரசும் கவலைப்படுவதில்லை, தொழில் துறையும் கவலைப்படுவதில்லை. கழற்றி மாட்டத் தெரிந்தவர்களை நாம் ஏராளமாக உருவாக்குகிறோம். பழுதின் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களை உருவாக்குவதற்கு நம்மிடம் முறையான ஏற்பாடு இல்லை. பயிற்சி என்று சொன்னால் இந்த இரண்டாவது திறமைதான் அதன் மையமாக இருக்க வேண்டும்.

இந்தத் தொழிலுக்குள் இளைஞர்கள் இரண்டு வழிகளில் வருகிறார்கள். ஒன்று, ஐ.டி.ஐ. அங்கே டீசல் மெக்கானிக் பிரிவு ஓராண்டுப் படிப்பு. இன்ஜினின் அடிப்படையைப் புரிந்துகொள்ள அந்த ஓராண்டு உதவும். ஹைட்ராலிக், டிரான்ஸ்மிஷன், மின்னணுக் கட்டுப்பாடு எல்லாம் சேர்ந்த ஒரு கனரக இயந்திரத்தைப் புரிந்துகொள்ள அது போதாது. இன்னொரு வழி, நேராகப் பட்டறையில் ஹெல்பராகச் சேர்வது. டீசலில் பாகங்களைக் கழுவுவது, கிரீஸ் அடிப்பது, கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பது என்று ஆண்டுகள் ஓடுகின்றன. அந்த ஆண்டுகள் வீண் என்று சொல்ல மாட்டேன். கை பழகுகிறது, எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது பிடிபடுகிறது. ஆனால், இந்தப் பாகத்தை ஏன் மாற்றினோம், வேறு எதையெல்லாம் சந்தேகப்பட்டு விலக்கினோம் என்பதை அவருக்கு யாரும் சொல்வதில்லை. வேலை அவசரத்தில் அவர் கேட்கவும் முடிவதில்லை.

இதனால் என்ன நட்டம் என்பதற்கு ஓர் அன்றாட உதாரணம் போதும். 20 டன் எடைப் பிரிவு பொக்லைன் ஒன்றில் ‘பூம் மெதுவாக ஏறுகிறது’ என்று உரிமையாளர் புகார் சொல்கிறார். பூம், அதாவது பக்கெட்டைத் தாங்கும் பெரிய கை, மட்டும்தான் மெதுவா, பக்கெட்டும் சுழற்சியும்கூட மெதுவா என்பது முதல் கேள்வி. காலையிலிருந்தே அப்படியா, ஆயில் சூடான பிறகா என்பது அடுத்த கேள்வி. எல்லா அசைவும் மெதுவாக இருந்தால் ஆயில் அளவு, உறிஞ்சு குழாயில் காற்று, லோடு ஏறும்போது இன்ஜின் வேகம் இறங்குகிறதா, வால்வுகளை இயக்கும் பைலட் அழுத்தம், பம்ப் என்று பொதுவானவற்றைப் பார்க்க வேண்டும். பூம் மட்டும் மெதுவாக இருந்தால் அதன் வால்வையும் சிலிண்டர் சீலையும் பார்க்க வேண்டும். இத்தகைய இயந்திரங்களில் முதன்மை ஹைட்ராலிக் அழுத்தம் ஏறக்குறைய 350 பார். கேஜை மாட்டி அளந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். பழைய பில்டரை அறுத்துப் பார்த்தால், அதில் ஒட்டியிருக்கும் பித்தளைத் துகள் பம்பின் நிலையைச் சொல்லிவிடும். இந்த வரிசை தெரியாதவர் நேராகப் பம்பைக் கழற்றுகிறார். அடைத்த பைலட் பில்டரை மாற்றினால் தீர்ந்திருக்க வேண்டிய வேலைக்கு உரிமையாளர் லட்சக்கணக்கில் செலவழிக்கிறார். பம்பே கெட்டிருந்தாலும், டேங்கையும் குழாய்களையும் சுத்தம் செய்யாமல் புதிய பம்பை மாட்டினால், பழைய துகள்கள் அதையும் தின்றுவிடும். 10 மைக்ரானுக்கும் சிறிய துகள்கூட ஹைட்ராலிக் பாகங்களைத் தேய்த்துவிடும். 40 மைக்ரானுக்குக் கீழே இருப்பது நம் கண்ணுக்கே தெரியாது. துடைத்த இடம் சுத்தமாகத் தெரிகிறதே என்று விட்டுவிட முடியாது என்பதற்கு இதுதான் காரணம். காரணம் சொல்லிக் கொடுத்தால்தான் பயிற்சி பெறுபவர் அந்தச் சுத்தத்தை மதிப்பார்.

பணத்தைவிடப் பெரிய விஷயம் உயிர். ஹோஸில் ஊசித்துளை அளவு கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் ஆபத்தானது. ஹைட்ராலிக் அழுத்தத்தில் பீறிடும் ஆயில் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே தெரிவது முள் குத்தியதுபோல ஒரு புள்ளிதான். முதலில் வலிகூடப் பெரிதாக இருக்காது. உள்ளே திசு அழுகத் தொடங்கும். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடக்காவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். ஓர் அட்டையைக் காட்டிக் கசிவைத் தேட வேண்டும் என்பது மிகச் சாதாரணமான பாடம். இன்ஜினை நிறுத்திய பிறகும் அழுத்தத்தைச் சேமிக்கும் அக்குமுலேட்டரில் அது தங்கியிருக்கும், தூக்கி நிறுத்திய பூமைத் தரையில் இறக்காமலோ முட்டுக் கொடுக்காமலோ அடியில் போகக் கூடாது என்பவையும் அப்படித்தான். வண்டிக்கு அடியில் முதலில் அனுப்பப்படுபவர் ஹெல்பர்தான். அவருக்கு இவை ஸ்பேனரைத் தொடும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அந்தக் கால மெக்கானிக்குகள் எந்தப் பாடமும் படிக்காமல், சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொன்னார்களே என்று சிலர் கேட்கலாம். அவர்களின் திறமையில் சந்தேகமில்லை. அவர்கள் கையாண்ட இயந்திரம் வேறு. சக்கரமுள்ள கட்டுமான இயந்திரங்களுக்கு 2021 ஏப்ரல் முதல் நான்காம் நிலை மாசு விதி நடைமுறைக்கு வந்தது. காமன் ரயில் இன்ஜெக்ஷன், புகையைச் சுத்திகரிக்கும் அமைப்பு, அவற்றைக் கண்காணிக்கும் சென்சார்கள் ஆகியவை இன்றைய வண்டிகளில் வழக்கமாகிவிட்டன. 1,600 பாருக்கும் மேல் ஓடும் எரிபொருள் அமைப்பின் கோளாறு காதுக்கு எட்டாது. இதற்கு நேர் எதிரான வாதமும் உண்டு: கணினியைச் செருகினால் பழுதுக் குறியீடு (கோட்) வந்துவிடும், அது சொல்லும் பாகத்தை மாற்றினால் போதும் என்பார்கள். எரிபொருள் அழுத்தம் குறைவு என்று கோட் வந்தால், காரணம் அடைத்த பில்டராக இருக்கலாம், காற்றாக இருக்கலாம், பம்பாக, இன்ஜெக்டராக, சென்சாரின் ஒயராகவும் இருக்கலாம். கோட் எங்கே தேடத் தொடங்க வேண்டும் என்று காட்டுகிறது. தேடுவது மெக்கானிக்கின் வேலை. ஆகவே, இயந்திரம் நவீனமாக ஆக ஆக, பகுத்தாராயும் பயிற்சி இன்னும் கூடுதலாகவே தேவைப்படுகிறது.

பட்டறை உரிமையாளர்களின் மறுப்பில் நியாயம் இருக்கிறது. ‘நான் சொல்லிக் கொடுப்பேன், தொழில் பிடிபட்டதும் அவன் பக்கத்துப் பட்டறைக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுவான்’ என்கிறார்கள். இந்தச் சுமையை அவர்கள் தனியாகச் சுமப்பதற்குக் காரணம் சட்டத்தின் அமைப்பு. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்துக்கு 2019-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் பழகுநரைக் கட்டாயம் எடுக்க வேண்டும். 4 முதல் 29 பேர் வரை என்றால் விரும்பினால் எடுக்கலாம். நெடுஞ்சாலையோரத்தில் இரண்டு மூன்று பேரோடு நடக்கும் பட்டறை இந்தக் கணக்கிலேயே வராது. 2016-இல் தொடங்கிய தேசியத் தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையின் கால் பங்கை, 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்க வழி செய்யப்பட்டது. அந்த உதவியும் சட்டப்படியான பழகுநருக்குத்தான். சிறிய பட்டறைகளைத் தொகுதியாகச் சேர்த்து, அருகிலுள்ள ஐ.டி.ஐ.யுடன் இணைத்து, பழகுநரைக் கூட்டாக எடுக்க விதியில் இடம் தர வேண்டும். ஒவ்வொரு நிலை தேறியதும் சம்பளம் உயரும் என்ற ஒப்பந்தம் இருந்தால், பாதியில் விட்டுப் போகிறவர்களின் எண்ணிக்கை குறையும். எல்லாப் பட்டறைகளும் கற்றுக்கொடுத்தால், ஒருவர் போகும் இடத்துக்குக் கற்ற இன்னொருவர் வருவார். ஜெர்மனியில் கட்டுமான இயந்திர மெக்கானிக் பயிற்சி மூன்றரை ஆண்டுகள். சம்பளத்துடன் பட்டறையில் வேலை, இடையிடையே தொழிற்பள்ளியில் வகுப்பு. கனடாவிலும் இந்தத் தொழிலைப் பழக ஆண்டுகள் ஆகின்றன. அங்கும் வேலையும் வகுப்பும் மாறி மாறி வருகின்றன. இரண்டு நாடுகளும் பட்டறையைப் பள்ளியின் பாதியாக ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்கள் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து நவீனத் தொழில்நுட்ப மையங்களாக மேம்படுத்தப்பட்டிருக்கின்றன. அந்த மையங்களில் ரோபோவுக்கு இடம் ஒதுக்க முடிந்த அரசால், இயந்திரங்கள் மிகுந்த மாவட்டங்களின் ஐ.டி.ஐ.க்களில் ஒரு ஹைட்ராலிக் சோதனை மேடைக்கும் ஓடும் நிலையிலுள்ள பழைய ஜே.சி.பி. ஒன்றுக்கும் இடம் ஒதுக்க முடியும். ஒவ்வொரு பழகுநரும் ஒரு பணிப்பதிவேடு வைத்திருக்க வேண்டும்: என்ன புகார், எதை அளந்தார், எதை விலக்கினார், காரணம் என்ன என்று எழுதி, மூத்த மெக்கானிக்கிடம் கையெழுத்து வாங்க வேண்டும். தேர்வில் ஒரு பழுதை வேண்டுமென்றே வைத்துவிட்டு, அதைக் கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். சர்வீஸ் கையேடுகளும் பாதுகாப்பு விதிகளும் தமிழில் வர வேண்டும்; தமிழ்நாட்டில் இயந்திரம் விற்கும் நிறுவனங்களுக்கு அது பெரிய செலவே இல்லை. பழகுநருக்கு விபத்துக் காப்பீடு இல்லாமல் எந்தப் பட்டறையும் அவரை வண்டிக்கு அடியில் அனுப்பக் கூடாது. பல ஆண்டுகள் எடுபிடி வேலை பார்த்த பிறகு தற்செயலாகக் கிடைக்கிற அறிவை, மூன்றாண்டில் முறையாகக் கொடுக்க முடியும். அதற்கான முதல் அடியாகப் பழகுநர் விதிகளில் சிறிய பட்டறைகளைச் சேர்க்க மத்திய அரசை மாநில அரசு வலியுறுத்த வேண்டும், தன் ஐ.டி.ஐ.க்களில் செய்ய வேண்டியதை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும்.