விசுவாசமும் வோட்டும்

தேர்தல் வந்துவிட்டால், திருவண்ணாமலை ஜில்லாவின் கலெக்டர் கச்சேரி அமைந்த வேங்கிக்காலிலும் கிறிஸ்தவர் வோட்டை ஒரே மூட்டையாகக் கட்டிக் கணக்கிடுவோர் உளர். இது பெருந்தவறு.

1959-ல் ராஜாஜி, கூட்டுப்பண்ணைத் திட்டத்தை எதிர்த்துச் சொத்துரிமையைக் காக்கச் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தபோது, பழமைப்பற்றுடைய அக்கட்சியின் முன்னணியில் நின்றவர்களுள் ஒருவர் கத்தோலிக்கரான எம். ரத்தினசாமி. அதே வேதத்தை ஓதிய தஞ்சாவூர் ஜே. ஸி. குமரப்பாவோ, காந்தியடிகளின் வழிநின்று, பெருமுதலாளித்துவத்தை எதிர்த்து, கிராமக் கைத்தொழில்களுக்கே உழைத்தார். இருவரில் எவருடைய விசுவாசத்தைக் குறை கூறுவது?

1949-ல், அரசியல் நிர்ணய சபையின் உபதலைவரும் கிறிஸ்தவருமான எச். ஸி. முகர்ஜி, மதவாரி ஸ்தான ஒதுக்கீட்டைக் கைவிடுவதை ஆதரித்தார். விசுவாசம் மனச்சாட்சியை ஆளலாம்; ஆயின் ஒருவனுடைய வோட்டைக் கட்சிக்கு அடகுவைக்கும் உரிமை பாதிரியாருக்கும் இல்லை; கட்சித் தலைவருக்கும் இல்லை.