டெல்லி கேட்கும் நியாயம்

ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா கூடுதலாக 25 விழுக்காடு வரி போட்டது. மொத்தம் 50 விழுக்காடானது. இது அநியாயம் என்றது டெல்லி. 140 கோடி மக்களின் எரிபொருள் தேவைக்காக வாங்குகிறோம் என்றது. சரியான பதில்தான். மலேசியாவில் நம்மவர் பலருக்கு அதில் ஒரு பெருமிதமும் உண்டு. ஆனால் அதே நியாயம் 2020-இல் நமக்குக் கிடைத்ததா என்று இங்கே பத்து காஜாவிலிருந்து கேட்க வேண்டியிருக்கிறது.

2019 செப்டம்பரில் அப்போதைய மலேசியப் பிரதமர் மகாதீர், காஷ்மீர் ஆக்கிரமிக்கப்பட்டிருக்கிறது என்று ஐ.நா. சபையில் பேசினார். டிசம்பரில் இந்தியாவின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தையும் குறை சொன்னார். 2020 ஜனவரி 8-ஆம் தேதி, சுத்திகரித்த செம்பனை எண்ணெய் இறக்குமதிக்கு இந்தியா கட்டுப்பாடு விதித்தது. அறிவிப்பில் மலேசியாவின் பெயரே இல்லையே என்பார்கள். உண்மை, அடி யாருக்கு என்று எழுதி வைத்தா அடிப்பார்கள்? 2019-இல் நம் செம்பனை எண்ணெயை மிக அதிகமாக, சுமார் 44 லட்சம் டன், வாங்கிய நாடு இந்தியா. பதிலடி கொடுக்க நாம் மிகச் சிறிய நாடு என்று மகாதீரே சொன்னார். யாருக்கும் பணிந்து பேசாத மனிதர்! பால்மரம் போய்ச் செம்பனை வந்த கிந்தா வட்டாரத் தோட்டங்களில், நீளக் கழியின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து நின்று குலை அறுக்கிறவருக்கும் காஷ்மீருக்கும் என்ன வழக்கு?

காஷ்மீர் உள்நாட்டு விவகாரம், அதில் அந்நியர் தலையிட்டால் சும்மா இருப்பார்களா என்று கேட்கலாம். மகாதீர் சொன்னது தடித்த சொல் என்றே நானும் நினைக்கிறேன். அதற்குச் சொல்லாலேயே பதில் கொடுத்திருக்கலாம். ரஷ்ய எண்ணெய்க்குக் கொடுக்கும் பணமோ போரில் இருக்கும் ஒரு நாட்டுக்குப் போகிறது. அந்தச் செயலுக்கே வணிகத் தண்டனை கூடாதென்றால், பேச்சுக்கு எப்படித் தகும்? வல்லரசுகள் எல்லாமே இப்படித்தான் என்பது இன்னொரு சமாதானம். இருக்கட்டும்; ஆனால் 2023 ஜனவரியில் வளரும் நாடுகளின் குரலுக்கென்றே மாநாடு கூட்டிய நாடு அதைச் சொல்லித் தப்ப முடியாது.

இந்தியா நமக்கு உதவவே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2023 ஜூலையில் உள்நாட்டு விலை ஏற்றத்துக்கு அஞ்சி அது பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. அதில் நம்மீது கோபம் ஏதும் இல்லை. செப்டம்பரில் இங்கே இறக்குமதி அரிசி டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியானது. எல்லோரும் உள்ளூர் அரிசிக்குத் திரும்ப, 26 வெள்ளி விலையுள்ள பத்துக் கிலோ பை கடைகளில் கிடைக்காமல் போனது. அக்டோபரில் இந்தியா நமக்கு 1,70,000 டன் ஒதுக்கியது. நன்றிக்குரியதுதான். ஆனாலும் அது சிறப்பு அனுமதி. அதற்குள் கோலாலம்பூரில் ஆட்சி மாறியிருந்தது, காஷ்மீர் பேச்சும் அடங்கியிருந்தது. பழைய பேச்சு தொடர்ந்திருந்தால் அந்த அரிசி வந்திருக்குமா என்பதற்கு டெல்லிதான் பதில் சொல்ல வேண்டும்.