மெட்டுப்பெயர் மூலச்சான்று ஆகுமா?

நாட்டார் இசை குறித்த நம் ஆய்வுகளில் ஒரு பிழை தொடர்ந்து இடம்பெற்று வருகிறது. பாடலின் தலைப்பில் காணப்படும் மெட்டுப்பெயரை அம்மெட்டின் பிறப்பிடமாகவே கொள்வதுதான் அப்பிழை. 'இன்ன பாடலின் மெட்டு' என்னும் குறிப்பு பாடுவோருக்கு வழிகாட்ட எழுதப்பட்டது; மெட்டின் வரலாற்றைக் கூற எழுதப்பட்டதன்று. இவ்வேறுபாடு மறக்கப்படுவதால் நேரும் இழப்பு சிறிதன்று.

ஆனந்தக் களிப்பை முதற்கண் நோக்கலாம். பாரதியாரின் கொடிப்பாடலுக்குத் 'தாயுமானவர் ஆனந்தக் களிப்பு மெட்டு' என்னும் குறிப்பு உண்டு. தாயுமானவரே அம்மெட்டை அமைத்தார் என்று அக்குறிப்பு கூறவில்லை. பாரதியார் காலத்துத் தமிழர் பாடியறிந்த பாடல் அது என்பதையே உணர்த்துகிறது. கடுவெளிச் சித்தரின் பாடலும் ஆனந்தக் களிப்பு என்றே வழங்குகிறது. சித்தரின் காலம் உறுதிப்படாத நிலையில், இரண்டனுள் எது முந்தியது, இருவரும் முன்பே வழக்கிலிருந்த ஒரு மெட்டைக் கையாண்டனரா என்பன ஆராயத்தக்க வினாக்கள். மெட்டுக்குறிப்பை மூலச்சான்றாகக் கொள்வோர் இவ்வினாக்களை எழுப்பாமலே கடந்துவிடுகின்றனர்.

நொண்டிச்சிந்தில் குழப்பம் வேறு வகையினது. கால் இழந்த தலைவனைக் கொண்ட நொண்டி நாடகங்களில் பயின்றமையால் இப்பெயர் பெற்றது என்பது ஒரு விளக்கம். அடிகளின் நடை நொண்டுவது போல் அமைவதால் பெற்றது என்பது மற்றொன்று. எவ்வாறாயினும், இப்பெயர் குறிப்பது யாப்பையே அன்றி இசையை அன்று. 1912-இல் முதற்பாகம் வெளிவந்த பாஞ்சாலி சபதத்தின் நொண்டிச்சிந்துப் பகுதிகளை இன்று பாடுவோர் வெவ்வேறு இராகங்களில் பாடுகின்றனர். யாப்பு ஒன்றாயிருக்க இசை பலவாதல் இயல்பு. எனினும் 'நொண்டிச்சிந்து மெட்டு' என ஒன்றனைத் தனியே கொண்டு அதன் தோற்றத்தைத் தேடும் போக்கு நம்மிடையே உள்ளது.

காவடிச்சிந்து என்னும் பெயரோ சடங்கின் பாட்டு, இலக்கிய வகை, யாப்பு, மெட்டு ஆகிய நான்கையும் ஒருங்கே சுட்டுகிறது. கழுகுமலை முருகன்மீது சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் இயற்றிய நூல் அவ்விலக்கிய வகைக்குப் பெரும்புகழ் சேர்த்தது. அதனை எவரும் மறுக்கவியலாது. ஆனால், 'காவடிச்சிந்தின் தந்தை' என்னும் பாராட்டு மொழி படிப்படியாக 'காவடிச்சிந்து மெட்டை உருவாக்கியவர்' எனத் திரிவது ஏற்புடையதன்று. காவடி சுமந்து வழிநடந்தோரின் பாட்டு வழக்கிலிருந்து புலவர் பெற்றது எது, தாமே ஆக்கியது எது எனப் பிரித்தறிவதே ஆய்வாளர் கடமை. அதனைச் செய்யாதவிடத்து, ஏட்டில் பெயருடைய ஒருவருக்கு ஏட்டில் பெயரில்லாத பலரின் ஆக்கம் உரிமையாகிவிடுகிறது.

அச்சு இக்குழப்பத்தைப் பெருக்கியது. குஜிலிப் பதிப்புகள் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த பாடலொன்றைச் சுட்டி, அதன் வர்ணமெட்டு எனக் குறித்தன. சுட்டப்பட்ட பாடலே மற்றொன்றன் மெட்டில் அமைந்ததாக இருக்கலாம். நாடகப் பாடலும் பின்னர்த் திரைப்பாடலும் பரவியபோது, பழைய மெட்டுகள் புதிய பாடல்களின் பெயரால் அறியப்படலாயின. இச்சங்கிலியில் நமக்குக் கிட்டுவது கடைசிக் கண்ணியே.

தொகுப்பாளர் தரும் தலைப்புகளும் கருதத்தக்கன. நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' சேகரித்தவர் பெயரையும் இடத்தையும் வட்டார வழக்கையும் தந்து நமக்கு நெறிகாட்டியது. ஆயினும் வயலிலும் தொட்டிலடியிலும் பாடியோர் தம் பாட்டுக்குத் தலைப்பிடுவதில்லை. அச்சில் நாம் காணும் தலைப்புகள் பதிப்பின் தேவைக்காக இடப்பட்டவை. அவற்றைப் பாடலின் மரபுப் பெயராக மேற்கோள் காட்டுதல் பிழையாகும்.

வாய்மொழி மரபில் யாப்பும் மெட்டும் சடங்கும் ஒரே பெயரால் வழங்குவது இயல்பே, அதனை ஆய்வாளர் பிரிப்பது செயற்கை என ஒரு மறுப்பு எழலாம். பாடுவோர் வழங்கும் பெயரை மாற்றுமாறு யாரும் கோரவில்லை. அப்பெயர் தன்னளவில் ஒரு தரவு; அதனை உள்ளவாறே பதிய வேண்டும். பதிந்த பெயரைத் தோற்றத்துக்குச் சான்றாக மாற்றுவதே தவறு.

எனவே ஒவ்வொரு பதிவிலும் ஐந்து செய்திகள் தனித்தனியே இடம்பெற வேண்டும்: பாடியவர் வழங்கிய பெயர், யாப்பு வகை, சுரக்குறிப்போ ஒலிப்பதிவோ, இராகப் பெயர் தரப்படின் அதனைத் தந்தவர் யார் என்பது, தலைப்பிட்டவர் யார் என்பது. சுரக்குறிப்போ ஒலிப்பதிவோ இல்லாதவிடத்து மெட்டின் தோற்றம் பற்றிய முடிவுரை கூறலாகாது. ஆய்வேட்டு நெறியாளரும் ஆய்விதழ் மதிப்பீட்டாளரும் இந்நெறியை வற்புறுத்துதல் வேண்டும். பெயரறியப்படாதவர் ஆக்கத்தைப் பெயரறியப்படாதவர் ஆக்கம் என்றே எழுதுவது ஆய்வின் குறையாகாது. அவர்களுக்குச் செய்யும் குறைந்தபட்ச நேர்மையாகும்.