வட்டத்துக்குள் குடிபெயரும் தமிழ்க் குடும்பங்கள்

புத்தூர் நாற்சாலையைச் சுற்றிக் குடிக்கூலிக்கு வீடு தேடுவோர் முன்பெல்லாம் கேட்டவை, குடிநீர் வருமா, பேருந்து அருகில் நிற்குமா, அரசு மருத்துவமனை எவ்வளவு தொலைவு என்பனவே. இன்றோ, மூன்று அகவை நிறைந்த பிள்ளையையுடைய எளிய வீட்டார்க்கு வேறொரு கேள்வியும் சேர்ந்துவிட்டது. எந்தத் தனியார் பள்ளியிலிருந்து அவ்வீடு ஒரு கிலோ மீட்டருக்குள் அமைந்துள்ளது என்பதே அது. உழைப்பும் உறவும் நிலமும் ஒரு குடும்பத்தின் இருப்பிடத்தை உறுதி செய்தது போக, அரசு வரைந்த கண்ணுக்குத் தெரியாத வட்டமொன்று அதனை உறுதி செய்கின்றது.

இவ்வட்டம் வந்த வழியைக் காண்க. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வியுரிமைச் சட்டம் 2010 ஏப்பிரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 12-ஆம் பிரிவின்படி, தனியார் பள்ளிகள் தம் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை அண்டை வாழும் நலிந்த பிள்ளைகளுக்குக் கட்டணமின்றித் தருதல் வேண்டும். அதற்குரிய தொகையை அரசு அப்பள்ளிகளுக்குத் திருப்பித் தரும். இதனை உச்ச அறமன்றம் 2012-இல் ஏற்றுக்கொண்டு, அரசுதவி பெறாத சிறுபான்மையர் பள்ளிகளுக்கு மட்டும் விலக்களித்தது. அண்டை என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு கிலோ மீட்டர் எல்லையாயிற்று. இடங்களினும் வேண்டுவோர் மிகுந்தால் குலுக்கல்!

வயலூர்ச் சாலையில் சோமரசம்பேட்டையில் ஓட்டுவீடும் நான்கு தென்னையும் உடைய ஒரு கொத்தனாரை எண்ணிப் பார்க்கலாம். பிள்ளைக்கு அவ்விடம் வேண்டுமாயின், அவர் அவ்வீட்டைப் பூட்டிவிட்டுப் புத்தூரில் ஓர் அறையைக் குடிக்கூலிக்குப் பிடித்தல் வேண்டும்; பல திங்கள் கூலியை முன்பணமாகக் கட்டுதல் வேண்டும்; குடும்ப அட்டையிலும் ஆதார் அட்டையிலும் முகவரியை மாற்றுதல் வேண்டும். முதிய தாயை ஊரில் விடுவதா, உடனழைத்து வருவதா என்பது தனித் துன்பம். திருவரங்கத்தில் பூத்தொடுத்து விற்பவளுக்கும் இதே கணக்குத்தான். காவிரிக்குத் தெற்கே தில்லைநகரிலுள்ள பள்ளி, ஆற்றைக் கடந்து குடியேறினாலன்றி அவள் பிள்ளைக்கு எட்டாது. இவ்வளவும் செய்த பின்னரும் குலுக்கலில் பெயர் வாராமற் போகலாம். முன்பணத்தையும் ஊர்வாழ்வையும் யார் திருப்பித் தருவார்? 2025-இல் இன்னும் கொடுமை நேர்ந்தது. கல்விக்கென நடுவணரசு தரவேண்டிய தொகையை நிறுத்தி வைத்தமையால், வழக்கமாகக் கோடையில் நடக்கும் சேர்க்கை அக்தோபர்த் திங்களில்தான் தொடங்கியது. அவ்வாண்டு அதனை நம்பிக் குடிபெயர்ந்தவன், கூலியைக் கட்டிக்கொண்டு கைபிசைந்து காத்திருந்திருப்பான்.

இடம் கிடைத்தாலும் அவ்வுதவி எட்டாம் வகுப்போடு முடிகின்றது. ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணத்தைக் கொத்தனார்தாம் கட்டுதல் வேண்டும். இயலாதெனின் பதினான்கு அகவைப் பிள்ளை பள்ளியும் தோழரும் பயிற்றுமொழியும் மாறித் தடுமாறும்.

பெற்றோரைப் பழிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. பிள்ளை உயர வேண்டுமென்று ஏங்குவது குற்றமாகாது. குற்றம், வட்டத்தின் நடுப்புள்ளி எங்கே வைக்கப்பட்டது என்பதிலேயே உள்ளது. அரசுதவி பெறாத தனியார் பள்ளிகள் தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஆங்கிலவழிப் பள்ளிகளே. அவற்றை நடுவாக வைத்து வட்டம் வரைந்தால், ஏழைத் தமிழன் தன் ஊரையும் தமிழ்வழியையும் ஒருசேர விட்டு வெளியேறுகின்றான். அவ்வெளியேற்றத்துக்கு மக்கள் வரிப்பணமே வழிச்செலவாகின்றது. இதே சட்டத்தின் 29-ஆம் பிரிவு, பயிற்றுமொழி இயன்றவரை பிள்ளையின் தாய்மொழியாக இருத்தல் வேண்டும் என்கின்றது. அந்த 'இயன்றவரை' என்னும் ஒரு சொல்லுக்குள் தாய்மொழியைப் புதைத்துவிட்டார்கள்! போதாக்குறைக்கு, 2012-13 கல்வியாண்டு முதல் அரசு பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருக்கப்பட்டன.

அண்டைப் பள்ளி என்னும் கருத்து இதற்காகப் பிறந்ததன்று. 1964 முதல் 1966 வரை ஆய்ந்த கோத்தாரிக் கல்விக்குழு, ஒரு வட்டாரத்துப் பிள்ளைகள் அனைவரும் செல்வர் ஏழை என்னும் வேறுபாடின்றி ஒரே பொதுப்பள்ளியில் பயில வேண்டுமென்று பரிந்துரைத்தது. காமராசர் ஆட்சியில் பள்ளி, பிள்ளையைத் தேடிச் சிற்றூருக்குச் சென்றது. இன்று பிள்ளை வீட்டை இடம்பெயர்த்துக்கொண்டு பள்ளியைத் தேடி ஓடுகின்றது.

கருநாடகம் இந்த எல்லையை மாற்றிப் பார்த்தது. அண்டையில் அரசு பள்ளியோ அரசுதவி பெறும் பள்ளியோ இருக்குமாயின் தனியார் பள்ளியில் அவ்வொதுக்கீடு இல்லை என்று 2018-இன் இறுதியில் நெறிமுறையைத் திருத்தியது. 2019-இல் அம்மாநில உயர்நிலை மன்றமும் அதனை ஏற்றது. மராட்டியம் 2024-இல் அவ்வாறே செய்ய முற்பட்டபோது, மும்பை உயர்நிலை மன்றம் அதனை நீக்கிவிட்டது. கருநாடகத்தின் வழி பாதி சரியானது. ஏழையை மட்டும் அரசு பள்ளிக்குத் திருப்பிவிட்டு, பணமுடையவன் எங்கும் போகலாம் என்று கதவைத் திறந்து வைப்பது ஒப்புரவாகாது.

பொதுப்பள்ளியில் பயனைச் சேர்த்தால் குடும்பங்கள் தாமே திரும்பும் என்பதற்கும் சான்றுண்டு. 2020-இல் தமிழ்நாட்டரசு, ஆறாம் வகுப்பு முதல் அரசு பள்ளியில் பயின்றோர்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு ஒதுக்கியது. புத்தூர் அரசு மருத்துவமனையோடு இணைந்த கல்லூரி முத்தமிழ்க் காவலர் கி.ஆ.பெ. விசுவநாதம் பெயரைத் தாங்கியது. தமிழ்வழியில் பயின்ற கொத்தனார் மகளும் அங்கே மருத்துவம் பயில இன்று வாயில் உண்டு. அதற்கு எந்த வட்டமும் இல்லை. வீடு மாறவும் தேவையில்லை.

தனியார்க்குத் திருப்பித் தரும் தொகையைச் சோமரசம்பேட்டை போன்ற ஊர்களின் தமிழ்வழித் தொடக்கப் பள்ளிகளில் வகுப்புக்கோர் ஆசிரியர், மழலை வகுப்பு, நற்கழிப்பறை என்று செலவிடுமாறு அரசை ஒவ்வோர் ஊர்மன்றமும் வலியுறுத்துதல் வேண்டும். அரசு சம்பளம் பெறும் அலுவலர் தம் பிள்ளைகளையும் தம் தெருவை அடுத்த அரசு பள்ளியிலேயே சேர்க்குமாறு நெறிமுறை வகுத்தல் வேண்டும். வட்டம் வரைவதாயின், அதனை முதலில் அவர்கள் வீட்டைச் சுற்றி வரையட்டும்.