பீரோவுக்குள் ஒரு புத்தகம்

ஒரு பவர் பிரஸ். தகட்டை உள்ளே வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் இரண்டு பட்டன்களை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலே நிற்கும் டை இறங்கும். எதற்கு இரண்டு பட்டன்? இரண்டு கையும் வெளியே இருக்கட்டும் என்பதற்காக. பழைய மெஷின்களில் ஒரு பட்டனை டேப் ஒட்டி அழுத்தியே வைத்துவிட்டால் உற்பத்தி வேகமாக நடக்கும். விரலும் வேகமாகப் போகும்.

அப்படிச் செய்யாதே என்று விளக்கப் படத்தோடு எழுதிய மேனுவல் மெஷினோடு வந்திருக்கும். அது எங்கே? மேனேஜர் ரூம் பீரோவில். என்ன மொழியில்? இதிலென்ன சந்தேகம், இங்கிலீஷில்தான்.

ஓசூரிலிருந்து பாகலூர் வழியாகப் பேரிகை வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். கர்நாடகா கூப்பிடு தூரம். டீக்கடை பெஞ்சில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். இப்போது இந்தியும் ஒடியாவும் சேர்ந்துகொண்டன. இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்துதான் ஓசூர் தொழிற்பேட்டைகளுக்கும், அவற்றை நம்பிப் பிழைக்கும் சின்னச் சின்னப் பட்டறைகளுக்கும் ஷிஃப்டுக்கு ஆள் போகிறது. பேரிகை என்றால் பெரிய முரசு. ஊருக்கே கேட்கும்படி சேதி சொல்ல வேண்டிய பெயர்!

‘நமக்கென்ன’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் டூவீலரோ வாட்சோ ஏறுகிற பஸ்ஸோ, ஏதோ ஒன்று ஓசூர் பக்கம் பிறந்ததாக இருக்கலாம்.

“ஆபரேட்டருக்குப் படிக்க ஏது சார் நேரம்? சீனியர் சொல்லிக் குடுத்துருவாரு” என்பார்கள். சீனியர் சொல்லிக் கொடுப்பதில் டேப் ஒட்டுவதும் அடக்கம்.

சரி, காலம் மாறுகிறது. மேனுவல் இப்போது கம்ப்யூட்டருக்குள்ளும் டேப்லெட்டுக்குள்ளும் வருகிறது. மெஷின் நின்றால் ஒரு வார்த்தையைத் தட்டித் தேடலாம். ‘ஆன்லைன் ஹெல்ப்’ என்கிறார்கள். இதை எழுதவே தனி சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன: ரோபோஹெல்ப், ஃபிரேம்மேக்கர், ஃப்ளேர் என்று. எதை வாங்குவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட். மூன்று கொட்டேஷன், ஒரு டெமோ, பிஸ்கட், காபி. திரையில் மெனு மடங்கி விரிவதைப் பார்த்து எல்லோரும் தலையாட்டுவார்கள். ‘ஒரு பாரா தமிழ் போட்டுக் காட்டுங்க’ என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டால் என்ன தெரியும்? அந்தக் காலத்து பேஜ்மேக்கர் தமிழை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் தமிழ்தான். ஃபைலுக்குள் இருந்தது வேறு ஏதோ குறியீடு. ஒவ்வொரு எழுத்துருக் கம்பெனிக்கும் ஒரு ரகசிய பாஷை. எழுத்துருவை மாற்றினால் தமிழ் காணாமல் போய் ஜிலேபி வரும். யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் இருந்தது. விண்டோஸுக்குள் வந்தது விண்டோஸ் 2000-ல். தமிழக அரசு அதை அதிகாரபூர்வமாக ஏற்க 2010 ஆயிற்று. அடோபியின் இன்டிசைனிலேயே இந்திய எழுத்துகளை ஒழுங்காகக் கோக்கும் வசதி 2012-ல்தான் வந்தது. இன்றும் பல டி.டி.பி. கடைகளில் பழைய எழுத்துருக்கள்தான் ஓடுகின்றன. அதில் அடித்த மேனுவலை அச்சடித்துக்கொள்ளலாம். தேட முடியாது.

யூனிகோடு வந்துவிட்டால் தேடல் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. ‘மோட்டார்’ என்று தேடுகிறீர்கள். மேனுவலில் ‘மோட்டாரை நிறுத்தவும்’ என்று இருக்கிறது. ‘ர்’ என்பது ‘ரை’ ஆகிவிட்டதே! எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடல் கையை விரித்துவிடும். இங்கிலீஷில் ‘மோட்டார்’ தேடினால் ‘மோட்டார்ஸ்’ கிடைக்கச் செய்கிறவர்கள், நம் வேற்றுமை உருபுகளைப் பற்றி யோசிக்க யாராவது கேட்க வேண்டாமா? காசு கொடுக்கிறவன் கேட்கவில்லை. விற்கிறவன் ஏன் செய்வான்?

நான் பி.காம். மூன்று கொட்டேஷன் பாடம் எனக்கும் நடத்தினார்கள். கூடவே இன்னொன்றும் நடத்தினார்கள்: வாங்குகிற விலை வேறு, வைத்துக் காப்பாற்றுகிற செலவு வேறு. ஒரு பிரஸ் இருபது, இருபத்தைந்து வருஷம் உழைக்கும். மேனுவல்?

விண்டோஸில் எஃப்1 தட்டினால் ஒரு ஹெல்ப் ஜன்னல் திறக்கும், ஞாபகமிருக்கிறதா? தொண்ணூறுகளில் உலகமே அந்த வின்ஹெல்ப் வடிவத்தில் எழுதிக் குவித்தது. 2007-ல் விஸ்டா கடைக்கு வந்தபோது, அதைத் திறக்கும் நிரலை மைக்ரோசாஃப்ட் கூடவே தரவில்லை. வேண்டுமானால் தனியாக இறக்கிக்கொள் என்றார்கள். 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது அந்தத் தயவும் போயிற்று. மெஷின் ஓடுகிறது, மேனுவல் செத்துவிட்டது. ரோபோஹெல்ப்பே 2003-ல் மேக்ரோமீடியா கைக்கும், 2005-ல் அந்த மேக்ரோமீடியாவோடு சேர்ந்து அடோபி கைக்கும் போனது. பழைய ஆட்கள் சிலர் வெளியேறித் தொடங்கிய கம்பெனிதான் ஃப்ளேரைச் செய்தது. வியாபாரத்தில் இதெல்லாம் சகஜம். நம் எழுத்தை இன்னொருவர் டப்பாவுக்குள் போட்டுப் பூட்டிவிட்டுச் சாவியையும் அவரிடமே கொடுப்பதுதான் அசட்டுத்தனம்.

பூட்டில்லாத வழி இல்லாமலில்லை. ஐ.பி.எம். உருவாக்கிய ‘டிட்டா’ என்ற எழுதும் முறை 2005-லேயே பொதுத் தரம் ஆகிவிட்டது. விஷயம் தனி, வடிவம் தனி. ஒரே எச்சரிக்கையை ஒரு இடத்தில் எழுதினால் அது எத்தனை மேனுவலில் வேண்டுமானாலும் போய் உட்காரும். பைத்தன் கணினி மொழியின் விளக்கங்களுக்காகப் பிறந்த ஸ்ஃபிங்க்ஸ் இலவசம். மூலத்தில் பத்து வாக்கியம் மாறினால், மொழிபெயர்ப்பாளர் அந்தப் பத்தைத் தொட்டால் போதும். தமிழில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை, கன்னடத்தில் ஒருமுறை. ‘அஞ்சு மொழிக்கு அஞ்சு மடங்கு செலவு சார்’ என்ற சாக்கு இங்கே செல்லாது. முதல் தடவை செலவு உண்டு. அதற்குப் பிறகு மாறியதற்கு மட்டும்தான்.

தொழிற்சாலையில் வைக்கும் சட்டபூர்வ அறிவிப்புகள் இங்கிலீஷிலும், பெரும்பான்மைத் தொழிலாளிக்குப் புரிகிற மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் வருட ஃபேக்டரி சட்டமே சொன்னது. நாம் அதைச் சுவரில் தொங்கும் போர்டோடு நிறுத்திக்கொண்டோம். ஐரோப்பிய யூனியனோ மெஷினுக்கே விதி எழுதியது. 2006-ஆம் வருட இயந்திர உத்தரவின்படி, எந்த நாட்டில் விற்கிறாயோ அந்த நாட்டு மொழியில் கையேடு கொடுத்தாக வேண்டும். ஓசூரில் செய்த மெஷினை ஜெர்மனியில் விற்றால் ஜெர்மன் மொழி மேனுவல் கட்டாயம். கொடுக்காமல் விற்க முடியாது. அங்கிருந்து ஒரு மெஷின் பேரிகைக்கு வந்தால்? இங்கிலீஷ் போதும். ஜெர்மன்காரன் விரல் மட்டும் விரலா?

ஆகவே பட்டறை முதலாளிகளே, பர்ச்சேஸ் ஆபீசர்களே, ஆர்டரில் டெலிவரி தேதி எழுதுகிறீர்கள், வாரன்டி எழுதுகிறீர்கள், ஜி.எஸ்.டி. எழுதுகிறீர்கள். ‘ஆபரேட்டர் பேசுகிற மொழிகளிலும் கையேடு வேண்டும், அதைத் திருத்தக்கூடிய மூல ஃபைலும் வேண்டும்’ என்று கூட ஒரு வரி எழுதுங்கள். முடியாது என்று எந்த சப்ளையராவது பதில் போட்டால் அந்தக் கடிதத்தை எனக்கு ஒரு காப்பி அனுப்புங்கள்.